ஒட்டடைக்கு ஒரு மூலை

தேன்சிட்டுக்குக் கூடு கட்ட ஒட்டடை வேண்டும். இது தெரிந்ததிலிருந்து எங்கள் கொல்லைத் தாழ்வாரத்தின் வடக்கு மூலையில் ஒட்டடைக் கோல் படுவதில்லை. பொங்கலுக்கு வீடு அடிக்கும்போது மட்டும் வாக்குவாதம் வரும். "உங்க சோம்பேறித்தனத்துக்குக் குருவியைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க" என்பாள் மனைவி. சாட்சி பலமானது என்பதால் ஒவ்வொரு முறையும் வழக்கு எனக்குச் சாதகமாகவே முடிகிறது.

ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கூடு கட்டுவதைப் பார்க்க வேண்டும். துணி காயப்போடும் கொடி, அறுந்து தொங்கும் ஒயர், செம்பருத்திக் கிளை என்று எதன் நுனியும் அதற்குப் போதும். நார், சருகுத் துணுக்கு, பட்டைச் சில்லு, புழுக்களின் எச்சம் எல்லாவற்றையும் சிலந்தி நூலால் பிணைத்துப் பை போலத் தொங்கவிடுகிறது. பையின் வாசலுக்கு மேலே மழை படாமல் ஒரு சின்னக் கூரை வேறு. கட்டுவது பெட்டைதான். ஆண் பளபளவென்று மினுக்கிக்கொண்டு பக்கத்தில் கத்திக்கொண்டிருக்கும். குஞ்சு பொரித்த பிறகுதான் இரை சுமக்க வரும். கட்டி முடித்த கூட்டைப் பார்த்தால் குப்பை சிக்கித் தொங்குவதாகத்தான் தோன்றும். சுத்தக்காரர்கள் வீட்டில் அதன் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் குப்பிகள் கடையில் கிடைக்கின்றன. அமெரிக்காவில் ஹம்மிங் பறவைக்காக வந்த வழக்கம். தேன்சிட்டும் தேன் குடிக்கும், உண்மைதான். ஆனால் அதன் குஞ்சு வளர்வது புழுவிலும் பூச்சியிலும் சிலந்தியிலும். செடிக்கெல்லாம் மருந்தடித்துவிட்டுக் குப்பியைத் தொங்கவிடுவது, சோறு இல்லாத வீட்டில் பிள்ளைக்கு மிட்டாய் நீட்டுவது போல. சிட்டுக்குருவிக்கும் இதே கதைதான். 2010 முதல் மார்ச் 20 அன்று உலகச் சிட்டுக்குருவி நாள் கொண்டாடுகிறோம். அட்டைப்பெட்டியும் கம்பும் வைக்கிறோம். கம்பு பெரிய குருவிக்கு. குஞ்சுக்கு வேண்டியது நாம் மருந்தடித்துக் கொன்ற புழு.

பறவைக்காகச் செய்ய வேண்டியதைவிடச் செய்யாமல் விட வேண்டியதுதான் அதிகம் என்று எனக்குப் படுகிறது. என் சுபாவத்துக்கு இது ஒத்துப்போகிறது. மாமரத்தடிச் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் விட்டால் தவிட்டுக்குருவிக் கும்பல் வந்து ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் போட்டு, ஓயாமல் சண்டை பிடித்துக்கொண்டு பூச்சி பொறுக்கும். அவற்றில் மஞ்சள் அலகுள்ள வகை தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. பப்பாளியில் கைக்கு எட்டாத பழத்தை அப்படியே விட்டால் சின்னானும் குயிலும் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் மட்டும் நாம்தான் வைக்க வேண்டும். வாய் அகன்ற மண்சட்டி, இரண்டு அங்குல ஆழம், நடுவில் கால் ஊன்ற ஒரு கல். தினமும் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். ஒரு வாரம் மறந்தால் டெங்கு கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

இவ்வளவு ஏற்பாடும் செய்தால் முதலில் வந்து உட்காருவது காக்கை. அதற்குக் கோபித்துப் பயனில்லை. நம்முடைய பழைய விருந்தாளி அது. குறுந்தொகை 210-ஆம் பாட்டில் ஒரு தோழி வருகிறாள். பிரிந்துபோன தலைவன் திரும்பி வந்து, இத்தனை நாளும் தலைவியை நன்றாக ஆற்றி வைத்திருந்தாய் என்று அவளைப் பாராட்டுகிறான். அவளோ, நான் என்ன செய்தேன், விருந்து வரும் என்று கரைந்ததே காக்கை, அதற்கல்லவா நன்றி என்கிறாள். வள்ளல் நள்ளியின் காட்டில் இடையர்களின் பசுக்கள் தந்த நெய்யையும், தொண்டியில் விளைந்த நெல் முழுவதையும் கொண்டு சுடச்சுடச் சோறாக்கி ஏழு கலத்தில் ஏந்தினாலும் அந்தக் காக்கைக்குப் போதாதாம்! பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தும் அவர் பாடியதுதான். அதற்கு ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் கொடுத்தான் என்கிறது பதிகம். காக்கைக்கு ஏதாவது கிடைத்ததா என்று அதில் இல்லை.

பின்னாளில் கிடைத்தது வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கையை எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவாலோடு சேர்த்துத் தொல்லை தரும் உயிர்களின் அட்டவணையில் போட்டது. 2022-இல் வந்த திருத்தம்தான் அந்த அட்டவணையை எடுத்தது. சட்டம் என்ன சொன்னாலும் நம் வீடுகளில் அமாவாசைச் சோறு நின்றதில்லை. குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆகவே நாம் உருட்டி வைக்கும் சோற்றில் ஒரு பங்கு குயில் குஞ்சின் வாய்க்கும் போகிறது. அதை எந்த முன்னோர் கணக்கில் எழுதுவது?

ஒரே சங்கடம்தான். காக்கைக்கு முட்டையும் பிடிக்கும், குஞ்சும் பிடிக்கும். கொல்லைச் சுவரில் சோற்றுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அது சும்மா இருக்காது. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துச் செடிகளை ஆராயும். அதனால் கொல்லையில் தேன்சிட்டின் கூட்டையோ தையல்சிட்டு தைத்த இலையையோ கண்டால், குஞ்சு பறக்கும் வரை சோற்றை வாசல் பக்கச் சுவருக்கு மாற்றிவிடுங்கள். முட்டையிட்டதிலிருந்து சுமார் ஒரு மாதம், அவ்வளவுதான். காக்கை தேடிக்கொண்டு அங்கே வந்துவிடும்.