எட்டாகக் கீறிய ரொட்டி

நேற்று ராத்திரி மகளுக்கு மேரி போப் ஆஸ்போர்னின் 'மேஜிக் ட்ரீ ஹவுஸ்' வரிசையில் 13ஆவது புத்தகத்தை வாசித்து முடித்தேன். மரத்தின் மேல் ஒரு சின்னக் குடில். அங்கிருக்கும் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டி, அங்கே போகணும் என்றால் போதும். கதையில் வரும் அண்ணன் ஜாக்கும் தங்கை ஆனியும் அந்தக் காலத்துக்கே போய்விடுவார்கள். இந்த முறை கி.பி. 79, பொம்பெயி. வெசுவியஸ் எரிமலை வெடிக்கும் அதே நாள்!

எனக்கு ஜாக்கை ரொம்பப் பிடிக்கும். எட்டு வயசுப் பையன், எந்தக் காலத்துக்குப் போனாலும் நோட்டை எடுத்துக் குறிப்பெழுதுவான்.

"அந்த ஊர் நிஜமாவே இருந்துச்சாப்பா?" என்றாள். போனில் படங்களைத் தேடிக் காட்டினேன். தெருவில் ஓடும் கழிவுநீரில் கால் படாமல் கடக்க, குறுக்கே போட்ட உயரமான கற்கள். நடுநடுவே வண்டிச்சக்கரம் போக இடைவெளி. அப்புறம் அந்த ரொட்டி. அங்கே ஒரு பேக்கரி அடுப்பிலிருந்து மட்டும் 81 ரொட்டிகள் கரிக்கட்டையாகக் கிடைத்தன. வட்டமான ரொட்டி, பிய்த்துச் சாப்பிட வசதியாக எட்டாகக் கீறியது. திரையில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள்.

"சுட்டவங்க சாப்பிடவே இல்லையா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 1863இல் தொல்லியலாளர் பியொரெல்லி, இறந்தவர்களின் உடல்கள் சாம்பலில் விட்டுப்போன குழிகளில் சாந்து ஊற்றி எடுத்த மனித உருவங்களை அவளுக்குக் காட்டவில்லை. இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

காலையில் பார்த்தால், தட்டிலிருந்த தோசையை எட்டாகக் கீறி வைத்திருக்கிறாள்.