ஆட்டம்

நாமக்கல்லிலிருந்து 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே வடக்கே சென்ற சரக்கு லாரியொன்று, நாக்பூரை நெருங்கும்போது பின்புறத்தில் உறுமத் தொடங்கியது. வேகம் கூடக் கூட உறுமலும் கூடிற்று. ஓட்டுநர் ஒரு சாலையோரப் பட்டறையில் வண்டியை நிறுத்தினார். பட்டறைப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஓட்டுநரின் இந்தியோ டீசல் போடவும் வழி கேட்கவும் போதுமான அளவே.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது அது ஆடியது. டிரம்மின் உட்புறம் எண்ணெய் கசிந்திருந்தது. இவ்வகை லாரிகளில் ஆக்சில் ஷாஃப்ட் சுழற்சியை மட்டுமே கடத்தும். சுமையைத் தாங்குவது ஹவுசிங்கின் முனை. அம்முனையின்மேல் இரு பேரிங்குகள் அமர்ந்து ஹப்பைச் சுழலவிடுகின்றன. ஆதலால் சக்கரத்தைக் கழற்றாமலேயே ஷாஃப்டை உருவிவிடலாம். அதை உருவி, லாக் நட்டை அவிழ்த்து, ஹப்பை இழுத்ததும் காரணம் வெளிப்பட்டது. கிரீஸ் கருகியிருந்தது. உருளைகளில் குழிகள் விழுந்திருந்தன. சூட்டில் நீலம் பாய்ந்த உட்பேரிங், தான் அமர்ந்திருந்த ஹவுசிங் முனையையும் அரைத்துத் தேய்த்திருந்தது.

"பேரிங்க மட்டும் மாத்திட்டு வண்டிய எடுப்பா" என்றார் முதலாளி தொலைபேசியில். சரக்குத் தாமதமானால் வாடகையில் பிடித்தம் உண்டு. பெரியவரோ மறுத்துத் தலையசைத்தார். அவரது நீண்ட விளக்கத்தில் ஓட்டுநருக்குப் பிடிபட்டவை பேரிங், ஹவுசிங், லேத் என்னும் மூன்று சொற்களே. ஆங்கில 'ஆக்சி'லும் வடமொழி 'அக்ஷ'மும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின. தமிழ் 'அச்சு' அவ்வடசொல்லின் வழிவந்தது என்பர். அத்தனை நெருங்கிய சொல்லுறவும் அன்று உதவவில்லை. பொருள்களின் பெயர்கள் இருவருக்கும் பொதுவாயிருந்தன. ஏன் கூடாது என்று சொல்லும் வாக்கியம் பொதுவாக இல்லை.

பெரியவர் பேச்சை நிறுத்தினார். புதிய பேரிங்கொன்றைத் தேய்ந்த முனையில் செருகி, ஓட்டுநரின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். ஒட்டி அமர வேண்டிய வளையம் அசைந்தாடியது.

ஓட்டுநர் மீண்டும் தொலைபேசியை எடுத்தார். "மொதலாளி, கையால புடிச்சுப் பாத்தேனுங்க, புதுசும் ஆடுதுங்க. இதோட ஓட்டுனா சக்கரம் தனியாக் கழண்டு ஓடிரும். ஆளுக மேல ஏறுனா என்ன பண்றதுங்க?"

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அனுமதி வந்தது.

ஹவுசிங்கைக் கழற்றி, தேய்ந்த இடத்தை வெல்டிங்கால் நிரப்பி, லேத்தில் அளவுக்குக் கடைந்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பெரியவர் புதிய பேரிங்குகளுக்குள் உள்ளங்கையால் கிரீஸை அழுத்தி ஏற்றினார். ஆயில் சீலையும் மாற்றினார். சக்கரத்தைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கி, பின்னர் சிறிது தளர்த்தினார். மிக இறுகினால் பேரிங் எரியும். மிகத் தளர்ந்தால் சக்கரம் ஆடும். இம்முறை அவர் அழைக்குமுன்பே ஓட்டுநர் குனிந்து சக்கரத்தை அசைத்துப் பார்த்தார்.

விடைபெறும்போது பெரியவர் சாலையைச் சுட்டி, பின் தம் உள்ளங்கையை ஹப்பின்மேல் வைத்துக் காட்டினார். சில கிலோமீட்டர் கடந்ததும் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிச் சென்று அவ்வாறே கைவைத்தார். இளஞ்சூடுதான். ஏறி அமர்ந்து வண்டியைக் கிளப்பினார்.