மை தொடாத காகிதம்

நவீன இந்தியக் கலையில் காகிதம் என்பது என் ஆய்வுப்பொருள். ஆயினும் கடந்த சில மாதங்களாகக் கிழக்கேகோட்டையில் நான் பார்த்துவருவது ஓலைகளை. கோட்டைப் பகுதியிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் திருவிதாங்கூர் காலத்து ஓலைச் சுருணைகள் பாதுகாக்கப்படுகின்றன. காகிதத்தைப் பற்றி நூல்களில் கிடைக்காத ஒரு தெளிவை அவை எனக்குத் தந்தன.

ஓலை மையை உறிஞ்சுவதில்லை. எழுத்தாணி முதலில் அதன் மேற்பரப்பைக் கீறுகிறது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்த பிறகே கீறல்களில் கருமை தங்கி எழுத்து புலப்படுகிறது. கருமை போய்விட்ட ஓலையையும் பக்கவாட்டு ஒளியில் சாய்த்துப் பிடித்தால், கீறலின் நிழலைக்கொண்டு ஓரளவு படிக்கலாம். அங்கே எழுத்து, நிறம் பெறுவதற்கு முன்பே ஒரு வடுவாக இருக்கிறது.

இதைக் கண்டபோது சோம்நாத் ஹோரின் ‘காயங்கள்’ வரிசை எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. 1921இல் சிட்டகாங் பகுதியில் பிறந்த அவர், 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை நேரில் கண்டு வரைந்தவர். 1970களில் சாந்திநிகேதனில் அவர் உருவாக்கிய வெண்மைப் படைப்புகளில் மை இல்லை. இளகிய பரப்பைக் கீறியும் துளைத்தும், அதிலிருந்து சிமெண்டு அச்சு எடுத்து, அந்த அச்சில் காகிதக் கூழை அழுத்தி உலர்த்தினார். காயத்தின் படத்தைச் சுமக்கும் தாளாக இல்லாமல், காயம்பட்ட உடலாகவே காகிதம் வெளிவந்தது. அதே பத்தாண்டில், அலிகரில் பிறந்த ஜரீனா ஹாஷ்மி தாளை ஊசியால் துளைத்தே கோட்டோவியங்கள் படைத்தார். காகிதத்தை ஓவியத்தின் முன்னோட்டத்துக்கான மலிவான தளமாக மட்டும் கருதும் வழக்கத்துக்கு இவ்விருவரும் வலுவான மறுப்பு.

“ஒண்ணுமே எழுதாத வெள்ளைத் தாளைப் பார்க்கவா இத்தனை வருஷம் படிக்கிறே?” என்று அம்மா கேட்டாள். ஹோரின் அச்சொன்றின் புகைப்படத்தைக் காட்டினேன். அதிலும் அவளுக்கு வெள்ளைத் தாளே தெரிந்தது. குறை அவள் கண்ணில் இல்லை. நேர்முகமாகச் சீரான ஒளி பாய்ச்சி எடுத்த படம் அது. மேடுபள்ளங்களின் நிழல்கள் அதில் அழிந்துபோயிருந்தன.

என் ஆய்வின் சிக்கலும் இதுவே. ஒளியும் ஈரமும் காகிதத்தைச் சிதைப்பவை. அதனால் அருங்காட்சியகங்கள் அதை ஏறக்குறைய 50 லக்ஸ் மங்கலொளியில் குறுகிய காலமே காட்சிப்படுத்துகின்றன. பெரும்பாலான நாட்கள் அது இழுப்பறையில் உறங்குகிறது. திருவனந்தபுரம் போன்ற ஈரக்காற்று நகரில் இந்த எச்சரிக்கை மேலும் தேவை. எனவே நம்மில் பலர் மூலத்தைக் காணாமல், படத்தைப் பார்த்தே ஆய்வேடு எழுதுகிறோம். படத்தில் அழிந்துபோனது நம் வாதத்திலும் அழிந்துபோகிறது.

ஓலைகளும் ஓவியங்களும் வேகமாக எண்ணிமமாகிவரும் காலம் இது. ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டு ஒளியில் எடுத்த ஒரு படமேனும் வேண்டும். விவரக்குறிப்பில் ‘காகிதம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நில்லாமல், அதன் இழை, தடிமன், செய்முறை ஆகியவையும் பதிவாக வேண்டும். மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூலத்தைக் காண வாய்ப்புக் கிடைத்தால் நேரே நின்று பார்த்துவிட்டு நகராதீர்கள். சற்றுச் சாய்ந்து, ஓரத்திலிருந்தும் பாருங்கள்.