வாப்பாவின் கெசட்டும் ஒரு பழைய டெக்கும்



உம்மாவின் அலுமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் பதினொரு கெசட். வாப்பா சவூதியில் இருந்தபோது கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியவை. எங்கள் யட்டியாந்தோட்டைப் பக்கம் பல வீடுகளில் இப்படி இருக்கும். வாப்பா மௌத்தாகி ஆறு வருடம். போன நோன்பில் உம்மா, "ஒருக்கா அவர்ட சத்தத்தக் கேக்கணும்" என்றார்.

பக்கத்து வீட்டுப் பழைய செட்டில் போட்டோம். சலாம் மட்டும் கேட்டது. அடுத்து டேப் உருளையில் சுற்றி அறுந்தது. உம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார். கசங்கிய பத்து சென்ரிமீற்றரை வெட்டி ஒட்டினோம். கெசட் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடும். வாப்பாவின் இரண்டு செக்கன் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் நல்ல டெக் தேடினோம். நாக்கமிச்சி கம்பனி 1982இல் வெளியிட்ட 'டிராகன்' எங்கள் கைக்கு எட்டாது. கொழும்பில் ஜப்பானிலிருந்து வந்த பழைய மூன்று ஹெட் டெக் ஒன்று கிடைத்தது. ஒரு மாதச் சம்பளம் போனது. வீண்விரயம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எங்களுக்கும் கொஞ்சம் பயம்தான்.

வாங்குபவர்கள் கவனிக்க: ஜப்பானில் விற்ற டெக் 100 வோல்ட். நம் கரண்ட் 230. நேரே செருகினால் கருகிவிடும். ட்ரான்ஸ்போமர் கட்டாயம் வேண்டும். உள்ளே ரப்பர் பெல்ட் தார்போல் உருகியிருந்தது. ரப்பர் தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தும், ரப்பர் இப்படி அழியும் என்று இப்போதுதான் கண்டோம். ரேடியோ பாஸ் ஒருவர் பெல்ட்டையும் ரப்பர் உருளையையும் மாற்றினார். ஹெட்டையும் உருளையையும் நாங்களே துடைக்கிறோம்: பஞ்சுக் குச்சி, ஐசோப்ரொப்பில் அல்கஹோல். நம் மழைக்குப் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். டேப்பில் வெள்ளை படிந்திருந்தால் ஓடவிடாதீர்கள், டெக்கிலிருந்து மற்றக் கெசட்டுகளுக்கும் பரவும்.

இவ்வளவு செய்தும் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோலவே இருந்தது. காரணம், வாப்பா பதிந்த மலிவான ரெக்கோடரின் ஹெட் சற்றுச் சாய்வு. கேட்கும் ஹெட்டும் அதே அளவு சாய்ந்தால்தான் கூர்மையான ஓசைகள் வரும். டிராகன் இதைத் தானாகவே செய்யும். நாங்கள் பழைய நிலையை அடையாளம் வைத்துவிட்டு, திருகாணியைக் காதால் கேட்டுக் கேட்டு மெல்லத் திருப்பினோம். திடீரென்று 'ஸ'வும் 'ஷ'வும் தெளிந்தன. "புள்ளைகள் ஸ்கூலுக்குப் போகுதா?" என்று வாப்பா கேட்டார்.

"இதுதான் அவர்" என்றார் உம்மா.

பதினொன்றையும் கணினியில் ஏற்றி இரண்டு பிரதி எடுத்துவிட்டோம். உங்கள் வீட்டு டின்களையும் திறந்து பாருங்கள். கெசட்டின் பின்பக்கத்து இரண்டு சின்னத் தகடுகளையும் உடைத்துவிட்டால் மேலே தவறிப் பதிய முடியாது. காய்ந்த இடத்தில் வையுங்கள். துடைக்காத பழைய செட்டில் மட்டும் போடாதீர்கள்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டுவந்தால் பிரதி எடுத்துத் தருவோம். காசு வேண்டாம். எங்கள் பாடசாலைப் பிள்ளையொன்றின் தாத்தா லயத்திலிருந்து ஒரு கெசட் கொண்டுவந்திருக்கிறார். காலமான மனைவி பாடியதாம். வரும் சனி அதுதான் முதலாவது.

வாப்பாவுக்காக துஆ செய்யுங்கள்.