ரோஜா முள்ளும் நட்சத்திர மீனும்

நட்சத்திர மீனுக்கு மூளை கிடையாது, ரத்தமும் கிடையாது. அதன் முதுகில், நட்டநடுவில் இல்லாமல் சற்றே ஒதுங்கி, வெளிறிய பொட்டு ஒன்று இருக்கும். நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புத் தகடு அது. உடம்புக்குள் ஓடும் குழாய்களுக்கு அதுதான் வாசல். அந்தக் குழாய்களில் ஓடுவது கிட்டத்தட்ட கடல்நீரேதான். ஒரு வளையமாகச் சுற்றிவந்து ஒவ்வொரு கைக்கும் பிரிகிற அந்த நீரின் அழுத்தத்தால்தான் கைகளின் அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் நீளுகின்றன.

பாம்பன் பக்கம் முழங்காலளவு நீரில், மல்லாந்து கிடந்த ஒன்று தானாகப் புரண்டு நிமிர்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எல்லாக் கைகளும் ஆளுக்கொரு பக்கம் துழாவின. பிறகு ஒரு கையின் நுனி மடங்கித் தரையைத் தொட்டது. அதன் குழாய்க்கால்கள் பிடித்துக்கொள்ள, பக்கத்துக் கையும் சேர்ந்துகொண்டது. மற்ற கைகள் விட்டுக்கொடுத்தன. உத்தரவிட ஒரு தலைமை இல்லாத உடம்பில் இந்த இணக்கம் எப்படி வருகிறது என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

நட்சத்திர மீனைப் பற்றிப் பேச்செடுத்தால் உயிரியலாளர் மெச்னிகாஃபிடம் போகாமல் என்னால் இருக்க முடியாது. 1882இல் ஒடெஸாவில் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, மனைவி ஓல்காவையும் அவருடைய தம்பி தங்கைகளையும் அழைத்துக்கொண்டு சிசிலித் தீவின் மெஸ்ஸினாவுக்கு வந்தவர் அவர். ஒருநாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸில் குரங்கு வித்தை பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நுண்ணோக்கியோடு தனியே இருந்தார். எதிரே, தண்ணீரைப் போலத் தெளிந்த நட்சத்திர மீன் குஞ்சுகள். அவற்றின் உடம்புக்குள் சில செல்கள் ஊர்ந்து திரிவது தெரிந்தது. நம் விரலில் சிலாம்பு ஏறினால் சீழ் கோக்கிறதே, அதைப்போல இந்தச் செல்களும் அந்நியப் பொருளைச் சூழ்ந்துகொள்ளுமா என்று அவருக்குத் தோன்றியது. ரத்தக் குழாயே இல்லாத உயிரில் அது நடந்தால், ஊர்ந்து போய் எதிர்க்கும் வேலையைச் செல்களே செய்கின்றன என்று ஆகிவிடும்.

வீட்டுத் தோட்டத்தில் இருந்த சிறிய ஆரஞ்சு மரத்தைத்தான் சில நாட்களுக்கு முன் பிள்ளைகளுக்காகக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்தார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து ரோஜா முட்களைப் பறித்துவந்து குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. விடியற்காலையில் பார்த்தபோது, முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. ரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமிகளை உடம்பெங்கும் சுமந்து பரப்புகின்றன என்று பெரிய மருத்துவர்கள் பலர் நம்பிய காலம் அது. அவை கிருமிகளை விழுங்கி நம்மைக் காக்கின்றன என்று சொல்லும் துணிவை அவருக்குத் தந்தது இந்த முள்தான்.

1908ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் பால் எர்லிக்குக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி, நிலநடுக்கமும் கடல் பொங்கியதும் சேர்ந்து மெஸ்ஸினாவை அழித்தன. இந்த இரண்டு செய்திகளையும் ஒரே ஆண்டில் அந்த மனிதர் எப்படித் தாங்கினாரோ என்று நினைத்துப் பார்ப்பேன்.

நட்சத்திர மீனின் உறவுக்காரர்களும் நமக்கு நிறையக் கொடுத்தவர்கள். விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றுசேர்வதை 1876இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கண்டது கடல் முள்ளெலியின் முட்டையில். செல் பிரிவதை நடத்தும் சைக்ளின் புரதத்தை டிம் ஹன்ட் 1982இல் கண்டுபிடித்ததும் கடல் முள்ளெலி முட்டைகளில்தான். மன்னார் வளைகுடாவின் கடல் அட்டையோ, வெளிநாட்டுச் சந்தைக்காக வாரி எடுக்கப்பட்டு அருகிப்போய், 2001 முதல் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

கடற்கரை ஊர்களின் கடைகளில் சங்கு, சோழிகளோடு காய்ந்த நட்சத்திர மீனையும் பரப்பி வைத்திருக்கிறார்கள். கையில் எடுத்துப் பாருங்கள், முதுகில் அந்தப் பொட்டு அப்படியே இருக்கும். கடலோடு அதற்கிருந்த வாசல் அது. அதை வாங்காதீர்கள். உயிரோடு கண்டால் படமெடுப்பதற்காகத் தண்ணீரை விட்டு வெளியே தூக்காதீர்கள், குனிந்து பாருங்கள்.