பிரேக் சங்கீதம்

எங்கள் ஊர் அம்பிகைக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். அவள் பேச்சின் இனிமைக்கு முன்னால் யாழே நாணிப் போயிற்றாம். அதனால்தானோ என்னவோ, வேதாரண்யம் கோயிலில் சரஸ்வதியின் கையில் வீணை கிடையாது, சுவடிதான் இருக்கிறது. கலைமகளே வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்ட ஊரில், போன ஆடி மாதம் ஒரு வாரம் நான் வாத்தியம் வாசித்துக்கொண்டு போனேன். விரலால் அல்ல; வலது காலால்.

என்னிடம் ஒரு பழைய சின்னக் கார் இருக்கிறது. முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் இரண்டு பட்டைகள் கவ்வும். பெடலை மிதித்தால் பிடிக்கும், விட்டால் விலகும். அவ்வளவுதான் சூட்சுமம். அந்தப் பட்டைகள் தேய்ந்துவிட்டன. மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஆனால் என் நாவல் ஒன்றில் ஒரு மெக்கானிக் வருகிறான். 'தொழில் தெரிந்து எழுதியிருக்கிறீர்கள்' என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். பாராட்டு பொல்லாதது. எழுதத் தெரிந்ததெல்லாம் செய்யவும் தெரியும் என்று நம்ப வைத்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் காரை நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் அணை கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கினேன். போல்ட்டைக் கழற்றினேன். பழைய பட்டைகளை உருவினேன். பிஸ்டனை உள்ளே தள்ளிப் புதுப் பட்டைகளைச் செருகினேன். இரண்டு சக்கரத்துக்கும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டார்ச் பிடித்த என் பெண், "அவ்வளவுதானாப்பா?" என்று கேட்டாள். "அவ்வளவுதான்" என்றேன், ஏதோ பெரிய ஆபரேஷன் முடித்த டாக்டரைப் போல.

தெருமுனையில் முதல் தடவை பிரேக்கை மிதித்தேன். கிறீச்! படுத்திருந்த நாய் எழுந்து ஓடிற்று. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு திருப்பத்திலும் அதே கச்சேரி. "நீங்க மேலவீதி தாண்டறப்பவே உலை வெச்சுடறேன்" என்றாள் என் மனைவி.

டீக்கடையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். என் மனசில் தங்கியது ஒன்றுதான். "கதவு கிறீச்சிட்டா என்ன செய்யறோம்? கீலுக்கு எண்ணெய் விடறோம். இதுக்கும் அதேதான்" என்றார் ஒருவர்.

கதவைப் பற்றி எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்டுப் போன கோயில் கதவைத் திறக்க அப்பர் சுவாமிகள் பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. மூடுவதற்குச் சம்பந்தருக்கு ஒரே பாட்டுப் போதுமாயிருந்தது. என் கதை தலைகீழ். திறப்பது சுலபமாக இருந்தது. சரியாக மூடத்தான் தெரியவில்லை.

மறுபடி கழற்றி, பட்டைகளின் முதுகில் வீட்டிலிருந்த சாதாரண கிரீஸைத் தாராளமாக அப்பி மாட்டினேன். சத்தம் நின்றது. இரண்டு நாள் நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

மூன்றாம் நாள் ஆடி அமாவாசை. அம்மாவைக் கோடியக்கரைக்குச் சமுத்திர ஸ்நானத்துக்கு அழைத்துப் போனேன். மனைவியும் கூட வந்தாள். 1930 ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிய அகஸ்தியம்பள்ளியைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசிற்று. விடியுமுன் வேலைக்குப் போன பெண்கள் வெயில் ஏறித் திரும்பும் நேரம். இரண்டு பேர் பேசிக்கொண்டே சாலையைக் கடந்தார்கள். நான் பிரேக்கை மிதித்தேன்.

சத்தம் வரவில்லை. காரும் நிற்கவில்லை. வேகம் கொஞ்சம் குறைந்து வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. கியரைக் குறைத்து ஹாண்ட் பிரேக்கை இழுத்தேன். அந்த அம்மாள் பயந்துபோய்ப் போட்ட தூக்குச் சட்டி என் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் உருண்டது. உள்ளே இருந்த பழைய சோறு சாலையில் சிந்திற்று. அவள் என்னைத் திட்டவில்லை. குனிந்து சட்டியை எடுத்துக்கொண்டு, கூட வந்தவளின் கையைப் பிடித்தபடி நடந்து போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பின் சீட்டிலிருந்து அம்மா மெதுவாகச் சொன்னாள்: "சத்தம் போட்டப்ப நின்னுச்சேப்பா."

அம்மாவையும் மனைவியையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, தோப்புத்துறை மெக்கானிக் பாய்க்குப் போன் செய்தேன். சின்ன லாரியோடு வந்து காரை ஏற்றிப் போனார். பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியதும் பட்டையை என் மூக்கருகே நீட்டினார். நான் முதுகில் அப்பிய கிரீஸ் சூட்டில் உருகி முகத்துக்கு வழிந்திருந்தது. வலது பக்கத்தில்தான் அதிகம். அதனால்தான் வண்டி இடது பக்கம் இழுத்திருக்கிறது.

"பிடிக்கிற எடத்துல வழவழப்பு வந்தா எப்படி சார் பிடிக்கும்?" என்றார். பள்ளிக்கூடத்தில் உராய்வைப் பற்றி நாலு பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

"அப்ப சத்தம் ஏன் வந்துது பாய்?"

பட்டை உட்காரும் இடத்திலிருந்த மெல்லிய எஃகுத் தகட்டை அவர் நெம்பி எடுத்தார். அடியில் துரு பொருக்குப் பொருக்காகத் தடித்துக் கிடந்தது. "உப்புக் காத்து சார். பழைய தகட்டைச் சுரண்டாம அப்படியே விட்டுட்டீங்க. பட்டை சரியா உக்காரலை. கேலிப்பர் நகர்ற பின்னும் காஞ்சு கெடக்கு."

சரியாக உட்காராத பட்டை தட்டைப் பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இப்படி அதிர்ந்தால் அதுதான் கிறீச். வயலினில் வில் தந்தியைப் பிடித்துப் பிடித்து விடுவதும் இதே சங்கதிதான். வித்தியாசம், அங்கே வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கிறார்.

பாய் தூசியை ஊதவில்லை. ஈரத் துணியால் துடைத்தார். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டிப் புதுத் தகடு போட்டார். பின்னுக்கு, ரப்பரைக் கெடுக்காத, சூடு தாங்கும் கிரீஸைப் பொட்டு வைப்பது போல் தடவினார். அதிலேயே துளி எடுத்துப் பட்டையின் முதுகிலும் காதிலும் வைத்தார். முகத்தில் விரல்கூடப் படவில்லை. டிஸ்க்கை எண்ணெய் போகக் கழுவித் துடைத்தார். கிரீஸ் குடித்த பட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டினார். பெடல் கெட்டிப்படும் வரை மிதித்தபின் ஆளில்லாத சாலைக்குக் கொண்டுபோய், ஐம்பதில் ஓட்டிப் பத்துக்குக் குறைப்பதை, முழுக்க நிறுத்தாமல், பத்துத் தடவை செய்ய வைத்தார். பட்டையும் தட்டும் ஒன்றோடொன்று பழக வேண்டுமாம். அப்புறம் ஆற விட்டார்.

இந்தச் சத்தம் டிஸ்க் பிரேக்கின் கூடப் பிறந்தது என்று பின்னால் படித்தேன். 1902-இல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் இதற்குப் பேடண்ட் வாங்கினார். அவர் போட்ட தாமிரப் பட்டை காது கிழியக் கத்திற்று. 1907-இல் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் ஆஸ்பெஸ்டாஸ் பட்டை போட்டுச் சத்தத்தை அடக்கினார். அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலைத் தின்னும் என்பது உலகத்துக்கு உறைக்க வெகுகாலம் பிடித்தது. பிரிட்டன் அதை முழுக்கத் தடை செய்தது 1999-இல்தான். சத்தத்தை அடக்கினவர்கள் வரிசையில் நான் கடைசி ஆள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று தடவை அந்தச் சாலையில் போய்ப் பார்த்தேன். தூக்குச் சட்டிக்காரியைக் காணவில்லை. பார்த்தால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை.

ஆவணியில் ஒரு நாள் கோயிலுக்குப் போகலாம் என்று காரை வாசலுக்குக் கொண்டுவந்தேன். சத்தமில்லாமல் வந்து நின்றேன். அம்மா படியிலேயே நின்றுகொண்டாள்.

"சத்தத்தையே காணோமே?"

"பாய் சரி பண்ணிட்டாரும்மா."

"மொதல்ல நீ மட்டும் தெருக்கோடி வரைக்கும் போய் நிறுத்திக் காட்டு."

தெருக்கோடி வரை போனேன். நிறுத்தினேன். திரும்பி வந்து அவள் காலடியில் நிறுத்தினேன். "இன்னொரு தரம்" என்றாள். நாலு தடவை ஆனபிறகுதான் கதவைத் திறந்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள்.