ஓரிருவர் இருப்பார்கள்

கதை எழுதுகிறவனுக்கு ஊரிலே ஒரு தனி உபயோகம் உண்டு. கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதித் தரச் சொல்வார்கள். யாராவது காலமானால் இரங்கல் குறிப்பு நாலு வரி கேட்பார்கள். தெருக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் மனு எழுதக் கூப்பிடுவார்கள். "உங்களுக்கென்ன, எழுத்து அதுபாட்டுக்கு வரும்" என்று சொல்லிக் காகிதத்தை நீட்டிவிடுவார்கள். அது அதுபாட்டுக்கு வருவதில்லை என்பது எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

அப்படி என்னிடம் வந்து சேர்ந்த வேலைகளில் ஒன்று, ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளின் மாதச் செய்தித் தாளைத் தமிழில் எழுதித் தருவது. பெரிய பத்திரிகை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே தாள், இரண்டு பக்கம், நகல் எடுத்து ஐம்பது அறுபது பேருக்குக் கொடுப்பார்கள். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு எண்பது நிறைகிறது, பென்ஷனில் என்ன புது உத்தரவு, அடுத்த கூட்டம் எந்த ஞாயிற்றுக்கிழமை என்பவைதாம் விஷயங்கள். இப்போது எல்லாச் செய்தியும் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது என்பது வாஸ்தவந்தான். ஆனால் எண்பது வயதுக் கண்ணுக்குக் கைப்பேசி எழுத்து எறும்பு ஊர்வது போலத் தெரியுமாம். தாளே வேண்டும் என்கிறார்கள்.

இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியவர் எங்கள் தெருக் கேப்டன் ஐயா. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்தவர். அவருடைய தகப்பனார் கோர்வைச் சேலை நெய்வதில் பேர் பெற்றவர். கோர்வை என்பது சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து ஒன்றோடொன்று கோக்கிற வேலை. ஒரு தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். மறு பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தள்ளியே படித்தவர் நம் கேப்டன். 1962-இல் சீன யுத்தம் வந்தது. அதிகாரிகள் போதவில்லை என்று, படித்த வாலிபர்களை அவசரமாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்காக 1963-இல் சென்னைப் பரங்கிமலையில் பயிற்சிப் பள்ளி ஒன்றும் திறந்தார்கள். பி.ஏ. முடித்திருந்த இவர் தறியை விட்டெழுந்து அங்கே போனார். 1965 யுத்தத்தைப் பஞ்சாப் எல்லையில் பார்த்தார். 1968-இல் ஊர் திரும்பினார். பிறகு ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி அறுபது வயது வரை உத்தியோகம் பார்த்தார்.

சிறு வயதில் நாங்கள் அவர் பின்னால் 'லெப்ட் ரைட்' சொல்லிக்கொண்டு நடப்போம். அவர் திரும்பிப் பார்த்து, "டேய், கடைசி ஆள் கால் மாறிப் போச்சு" என்பார். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் நான்தான்.

காஞ்சிபுரம் என்றால் கோயிலும் பட்டும் இட்லியும்தாம் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். பட்டாளத்தை யாரும் நினைப்பதில்லை. ஆனால் பக்கத்துப் புள்ளலூர் வெளியில்தான் 1780-இல் திப்பு சுல்தானின் படை கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தது. மறு வருஷம் அதே பக்கத்தில் நடந்த சண்டையில் மாண்ட இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு அங்கே நினைவுத் தூண்கள் நிற்கின்றன. ஒருமுறை கேப்டன் ஐயாவோடு அவற்றைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் தூணைச் சுற்றி வந்துவிட்டு, "இவர்களுக்குச் செய்தி ஒன்றும் தேவையில்லை, தம்பி. உயிரோடு திரும்பி வந்தவனுக்குத்தான் தேவை" என்றார். அப்போது அதை அவர் வழக்கமான வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் மாதம் ஒருமுறை, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லி, காபி, பிறகு விஷயம். ஜனவரி மாதத்தில் மட்டும் ஒரு சங்கடம். ஜெனரல் கரியப்பா ஓய்வு பெற்றது 1953 ஜனவரி 14-ஆம் தேதி. அதை நினைத்து அந்த நாளை முன்னாள் படைவீரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நம் பக்கத்தில் அன்றைக்குப் போகியோ பொங்கலோ வந்துவிடும். "ஜெனரல் வேறு தேதியில் ஓய்வு பெற்றிருக்கலாம்" என்று ஒரு கர்னல் வருஷந்தோறும் சொல்வார். எல்லோரும் வருஷந்தோறும் சிரிப்பார்கள். கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போகும்.

முதல் இரண்டு மூன்று தாள்களை நான் வேண்டாவெறுப்பாகத்தான் எழுதினேன். 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' என்பதைத் தமிழில் விளக்க இரண்டு ராத்திரி போயிற்று. ஒரே பதவியில், ஒரே கால அளவு வேலை பார்த்த இருவர், ஒருவர் இருபது வருஷம் முன்னே ஓய்வு பெற்றவர், மற்றவர் நேற்று ஓய்வு பெற்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையவருக்குக் குறைவு, புதியவருக்கு அதிகம் என்ற பேதம் கூடாது என்பது கோரிக்கை. சிப்பாய் நாற்பது வயதுக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறான். அதிகாரியும் ஐம்பத்துச் சொச்சத்தில் வந்துவிடுகிறார். மற்ற உத்தியோகஸ்தர்களைவிட இவர்கள் பென்ஷனை நம்பி வாழும் காலம் நீளம். அதனால் பேதமும் நீளுகிறது. 2015-இல் டில்லி ஜந்தர் மந்தரில் வயோதிகர்கள் மெடல்களைக் குத்திக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி அரசாங்கம் ஒப்புக்கொண்டு அறிவித்தது. நவம்பரில் உத்தரவு வந்தது. 2014 ஜூலை முதல் கணக்கு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்தம். இதையெல்லாம் எழுதியபோது, 'நாவல் எழுத வேண்டியவன் நாலணாக் கணக்கு எழுதுகிறேனே' என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்தது 2018 கடைசியில் நடந்த ஒரு காரியம்.

எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மேஜரின் மனைவி இருந்தார். மேஜர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மாளுக்கு வயது எண்பத்து மூன்று. நெசவுக் குடும்பத்துப் பெண். கணவருக்குப் பின் தம்பி வீட்டோடு வந்து, சும்மா இருக்க மனமில்லாமல் பட்டு நூல் இழைத்துக்கொண்டிருந்தவர். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, தாம் உயிரோடு இருப்பதாக நிரூபிக்க வேண்டும் அல்லவா? 2014 முதல் அதற்குக் கைரேகை இயந்திரம் வந்திருந்தது. வயதானால் யாருக்குமே ரேகை தேயும். நூல் இழைத்த விரலைக் கேட்க வேண்டுமா? பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மாள் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்புறம் பணம் நின்றது. தம்பி மனைவியிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு மாதம் காபியை நிறுத்திவிட்டார்.

எங்கள் தாளில், 'கைரேகை விழாதவர்கள் அதிகாரி கையெழுத்திட்ட காகிதச் சான்றும் கொடுக்கலாம்' என்று ஒரு வரி போட்டிருந்தோம். தம்பியின் பேத்தி அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அம்மாள் கேப்டனுக்குச் சொல்லி அனுப்பினார். கேப்டன் ஆட்டோவில் அழைத்துப் போய்ச் சான்று வாங்கிக் கொடுத்தார். போனவர் பென்ஷன் புத்தகத்தையும் வாங்கிப் புரட்டியிருக்கிறார். அதில் அம்மாளின் பிறந்த தேதியே இல்லை. பழைய புத்தகங்களில் இந்தக் குறை சகஜம். எண்பது வயது நிறைந்தால் பென்ஷனோடு நூற்றுக்கு இருபது கூடச் சேர வேண்டும். எண்பத்தைந்தில் முப்பது, தொண்ணூறில் நாற்பது, தொண்ணூற்றைந்தில் ஐம்பது, நூறு வயதானால் இரட்டிப்பு. குடும்ப பென்ஷனுக்கும் அப்படியே. ஆனால் தேதி இல்லாதவருக்கு எப்படி எண்பது நிறையும்? மூன்று வருஷமாக அம்மாளுக்குச் சேர வேண்டியது சேரவில்லை. கேப்டன் வயதுச் சான்று தேடி, மனு எழுதி, நடையாய் நடந்தார். பாக்கியெல்லாம் சேர்த்து வந்தது.

அம்மாள் கூட்டத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் அந்த வரியை எழுதினீங்களாமே" என்றார். அந்த விரல் நுனிகள் கண்ணாடி போல வழவழவென்று இருந்தன. என் நாவல்களைப் பாராட்டியவர்கள் உண்டு. அப்படி யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

சரி, என் குற்றத்துக்கு வருகிறேன்.

2019 மார்ச் மாதம். தாளுக்கு விஷயம் அதிகம், இடம் குறைவு. கேப்டன் கொடுத்த குறிப்புகளில் கடைசியாக ஒன்று இருந்தது. முன்னாள் படையினருக்கு 2003 ஏப்ரலில் ஏற்பட்ட மருத்துவத் திட்டம் பென்ஷன் வாங்குகிறவர்களுக்குத்தான் இதுவரை இருந்தது. இப்போது இரண்டாம் உலகப் போரில் சேவை செய்தவர்கள், 1962-க்குப் பின் அவசர நியமனம் பெற்றவர்கள், குறுகிய கால அதிகாரிகள் ஆகியோருக்கும் அதை விரித்திருக்கிறார்கள். ஒரு தொகையை ஒரே தடவையாகக் கட்டிச் சேரலாம் என்பது செய்தி. நான் கணக்குப் போட்டேன். உலகப் போர் வீரர்கள் நம் ஊரில் யார் மிச்சம்? அவசர நியமனக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வைகாசி கருட சேவையன்று எங்கே கூடுவது என்ற அறிவிப்பைப் போட்டேன்.

கேப்டன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "அந்த மருத்துவச் செய்தி எங்கே, தம்பி?"

"இடமில்லை ஐயா. நம் ஊரில் அது யாருக்குப் பொருந்தப்போகிறது?"

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "அதுவும் இருக்கட்டும். ஓரிருவர் இருப்பார்கள்" என்றார்.

எழுத்தைச் சிறிதாக்கிக் கடைசி மூலையில் அதை நுழைத்தேன். அந்த மாதக் கூட்டத்தில் மற்றச் செய்திகளைப் போலவே அதையும் ஒரே குரலில் வாசித்தார். யாரும் கேள்வி கேட்கவில்லை. இட்லிக்குப் போய்விட்டோம்.

ஒரு வாரம் கழித்துத்தான், காபி சாப்பிடும்போது அந்தக் கர்னல் என்னிடம் சொன்னார்: "நம்ம கேப்டனுக்குப் பென்ஷன் கிடையாது, உங்களுக்குத் தெரியாதா? ஐந்து வருஷம் சேவை. ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவரே அவசர நியமனந்தானே!"

என் கையிலிருந்த காபி ஆறிப்போயிற்று. பரங்கிமலை, 1963, 1968 — இத்தனையும் எனக்குத் தெரியும். கூட்டிக் கழித்துப் பார்க்கும் புத்தி மட்டும் வரவில்லை. பென்ஷனைப் பற்றி இவ்வளவு தெரிந்தவருக்குப் பென்ஷன் இல்லாமலா இருக்கும் என்று நானாகவே தீர்மானித்திருந்தேன். அவர் மனைவி 2017-இல் படுக்கையில் கிடந்தது எனக்கு ஞாபகம் வந்தது. நாலு மாதம் ஆஸ்பத்திரி. வேகவதிக் கரைப் பக்கம் இருந்த காலி மனையை அப்போதுதான் விற்றார். 'வயதான காலத்தில் எதற்கு மனை?' என்று அவர் சொன்னதை நானும் நம்பி ஆமோதித்தேன். அந்த அம்மாள் பிழைக்கவில்லை. செய்தி வந்தது இரண்டு வருஷம் கழித்து.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அந்தத் திட்டத்தில் நீங்கள் சேர்ந்துவிட்டீர்களா, ஐயா?" என்று மட்டும் கேட்டேன்.

"மனு அனுப்பிவிட்டேன். பணமும் கட்டியாயிற்று" என்றார். பிறகு, சாதாரணமாகவே, "மனைவி பெயர் எழுதுகிற இடத்தில் ஒரு கோடு போட வேண்டியிருந்தது" என்றார்.

உள்ளே சுவரில் அந்த அம்மாளின் படம். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்திவிட்டார்.

"நீ நினைக்கிறது போல இல்லை, தம்பி. எனக்குக் கோபம் இருந்ததுண்டு. என்னோடு பயிற்சி பெற்றவர்களில் ராணுவத்திலேயே நிரந்தரமாகத் தங்கியவர்கள் உண்டு. நான் திரும்பி வந்தேன். கணக்கு எழுதினேன். ஒரு செய்தி நமக்கு உதவாது என்றால் அதை இன்னொருவனுக்குச் சொல்லக்கூடாதா? சொல்லாமல் விட்டால் அது யாருக்கும் உதவாது."

அந்த வருஷம் ஜூலையில் அத்தி வரதர் வெளியே வந்தார். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை குளத்து நீரிலிருந்து எழுந்து நாற்பத்தெட்டு நாள் காட்சி தருகிறவர். 1979-இல் மனைவியோடு வரிசையில் நின்றவர், 2019-இல் எழுபத்தெட்டு வயதில் தனியாகப் போனார். நான்தான் துணைக்குப் போனேன். லட்சக்கணக்கான ஜனம். நகர்ந்து நகர்ந்து உள்ளே போய், சயனத் திருக்கோலத்தில் இருந்த பெருமாளை அரை நிமிஷம் பார்த்துவிட்டு வெளியே வந்தோம்.

"அவர் நாற்பது வருஷம் பேசாமல் தண்ணீருக்குள் இருக்கிறார். நமக்கு ஒரு உத்தரவு இரண்டு வருஷம் தாமதமானால் பொறுக்கவில்லை" என்று சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வைதான் என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பிறகும் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2021 நவம்பரில், ரேகை விழாதவர்கள் முகத்தைக் காட்டியே உயிர்ச் சான்று கொடுக்கலாம் என்ற வசதி வந்தது. மேஜரின் மனைவிக்கு அதை முதலில் போய்ச் சொன்னவர் கேப்டன். 2022 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு. டிசம்பரில் பென்ஷன் திருத்தத்துக்கு மந்திரிசபை ஒப்புதல். தமக்கு ஒரு காசும் வராத அந்தக் கணக்கைக் கேப்டன் ஐயா கரும்பலகையில் எழுதி எல்லோருக்கும் விளக்கினார்.

இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. குறிப்புகளைக் கை நடுங்க எழுதி அனுப்புகிறார். நான் எதையும் அடிப்பதில்லை. இடம் போதாவிட்டால் இன்னொரு தாள் சேர்த்துக்கொள்கிறோம்.